அண்ணன் கழுவிய சில்லுகள்

ஆண்டவரின் நிழலில் இளைப்பாறும் எங்கள் அண்ணன் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்து, இச்சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றாருக்கும் உறவினருக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும், அவருடைய இளைய தம்பியாகிய என் வணக்கம்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன்பின் வலையும் கயிறும்தான் கையில் இருந்தன. நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து நின்று பேசவும் எனக்கு வராது. அண்ணனை அடக்கம் செய்த அன்று, தம்பி என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். சேமக்காலையில் நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே இப்போது அண்ணனின் மூத்த மகன், கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், வேலை செய்பவர், "அண்டைக்குச் சொல்லாததை எழுதித் தாங்கோ சித்தப்பா, நான் அச்சுக்குக் குடுக்கிறன்" என்று கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அந்தக் கொழுப்புக் கதை மட்டும் வேண்டாம். நல்லதுகளை எழுதுங்கோ" என்றார்.

மகனுக்கு வெட்கமாக இருப்பது எனக்கு விளங்குகிறது. எனக்கும் வெட்கம்தான். ஆனால் அண்ணனின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் உறவினர் ஒருவர், "பிடிபட்டபடியால்தானே அவர் சொன்னவர்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. இந்த மலரில் அதை எழுதாமல் விட்டால் அந்த ஒரு வரிதான் ஊரில் மிஞ்சும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மகன் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மன்னார்த் தீவில், கீரி என்ற கரையூரில். எங்கள் தகப்பனாருக்கு மூத்த ஆண்பிள்ளை. மூத்தவர் தோணியேறுவது எங்களிடையே கேள்வியில்லாத காரியம். ஆனால் அண்ணனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. கரை மறையும் முன்பே வாந்தி எடுப்பார். படுத்தால் எழும்ப மாட்டார். பழகிவிடும் என்று தகப்பனார் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் தோணியின் சொந்தக்காரரான சம்மாட்டியாரே, "இவனை ஏத்தினால் தோணித் தண்ணியை இறைக்க ஒருத்தன், இவனை இறைக்க இன்னொருத்தன் வேணும். கரையில விட்டிட்டு வா" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். கரையிலிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணன் அன்றிலிருந்து தோணி கரையேறும் நேரத்தில் கடற்கரைப் பக்கம் வருவதில்லை.

தலைமன்னாரில் ரெயில்வேயில் வேலை பார்த்த ஒருவரிடம் அண்ணன் சில காலம் எடுபிடியாக இருந்தார். அவரிடம்தான் சைக்கிள் வேலை பழகினார். பழகிய பிறகு மன்னாருக்கு வந்தபோது இருக்க இடமில்லை. பெரியகடைத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த காக்கா, தம் கடையின் பக்கத் தாழ்வாரத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தார். அவர் இஸ்லாமியர்; அண்ணனிலும் மூத்தவர். ஊரில் எல்லாரும் அவரைக் காக்கா என்றே அழைப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இடத்துக்கு அவர் எதுவும் வாங்கவில்லை. "என்ர சைக்கிள் பழுதானால் உன்னைத் தேடித் திரிய என்னால ஏலாது, கண்ணுக்கு முன்னால கிட" என்றுதான் சொன்னாராம். அண்ணனின் கலியாணத்துக்கு முன்பும் பின்பும், மத்தியானத் தேத்தண்ணீர் காக்காவின் வீட்டிலிருந்துதான் வரும்.

நம் தீவில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கடலுக்கு நடுவே போகும் தாம்போதியால் வரும்போது உப்புத் தண்ணீர் தெறிக்கும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் மணல் பறந்து ஹப்புக்குள், அதாவது சில்லின் நடுக்குடத்துக்குள், போய்விடும். உப்பும் மணலும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் தேய்ந்து சில்லு கத்தத் தொடங்கும். ஆகவே அண்ணனின் வேலையில் பெரும்பகுதி சில்லைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவதுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அச்சின் இரண்டு பக்கத்து நட்டையும் தளர்த்தி, பின்சில்லு என்றால் சங்கிலியைப் பல்லிலிருந்து விலக்கி, சில்லை மெதுவாக உருவி எடுப்பார். அச்சைக் கழற்றிக் குண்டுகளைச் சிரட்டையில் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுவார். குண்டுகள் ஓடும் கிண்ணத்தைத் துணியால் துடைத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். ஒரு மணல் பருக்கை தட்டுப்பட்டாலும் திரும்பக் கழுவுவார். பிறகு கிறீஸ் பூசி, குண்டுகளை அதில் ஒட்டவைத்து, அச்சைச் செருகி இறுக்குவார். கூட இறுகினால் சில்லு ஓடாது, இளகினால் ஆடும். சரியாகப் பூட்டிய சில்லைச் சும்மா விட்டால், காற்றடிக்கும் வாய் இருக்கும் பக்கம் தன் பாரத்தாலேயே மெல்லக் கீழே வந்து, சற்று அங்குமிங்கும் ஆடி நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் அண்ணன் அதைச் சைக்கிளில் மாட்டுவார்.

மணலை அவர் அவ்வளவு வெறுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் பாயில் இருக்கும் முன் காலைத் தட்டிவிட்டுத்தான் இருப்பார். இதைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

யுத்தம் தொடங்கிய பின் கிறீஸ் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. அண்ணன் இருந்ததைக் கொண்டு சமாளித்தார். அப்போது பட்டாளத்து முகாமுக்குச் சாமான் ஏற்றும் லொறிச் சாரதி ஒருவர், தம் சைக்கிளைத் திருத்தியதற்குப் பதிலாக ஒரு பெரிய தகரப் பேணியைக் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த கடதாசி கிழிந்திருந்தது. உள்ளே வெள்ளையாக, கட்டியாக இருந்தது. "வெள்ளைக்காரன்ர கிறீஸ், நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அண்ணன் அதை விரலால் எடுத்துப் பார்த்து, "சரியான இளக்கமாக் கிடக்கு" என்றாராம். அவ்வளவுதான். வேறு எதையும் விசாரிக்கவில்லை. இல்லாத காலத்தில் கைக்கு வந்ததை யார் விசாரிப்பார்கள்? அந்த வருடம் மன்னார்ப் பட்டினத்தில் அண்ணன் பூட்டிய சில்லுகளுக்கெல்லாம் அதைத்தான் வைத்தார். காக்காவின் சைக்கிளுக்கும் வைத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் சைக்கிளுக்கும் வைத்தார்.

வெயில் கடுமையானபோது அந்தக் கிறீஸ் உருகி அச்சு வழியாக வடியத் தொடங்கியது. ஒருநாள் வீட்டில் நிறுத்தியிருந்த அண்ணனுடைய சைக்கிளின் சில்லைப் பூனை நக்கிக்கொண்டு நின்றதை அண்ணி கண்டார். மண்ணெண்ணெய் நாற்றமுள்ள கிறீஸைப் பூனை நக்குமா? அண்ணி பேணியிலிருந்து கொஞ்சம் எடுத்து அகப்பையில் வைத்து அடுப்பில் காட்டினார். மணம் வந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவர் சமைக்கிற இறைச்சிதானே.

"இஞ்ச வந்து மணந்து பாருங்கோ. இது கிறீஸ் இல்லை. பண்டிக் கொழுப்பு."

"விசர்க் கதை கதையாதை" என்று அண்ணன் சொன்னாராம். பிறகு குனிந்து மணந்து பார்த்தார். பின்பு அடுப்படியிலேயே இருந்துவிட்டார் என்று அண்ணி எங்களிடம் சொன்னார். அது முகாமின் குசினிச் சாமான்.

இதை வாசிக்கும் நம்மவருக்குப் பன்றிக் கொழுப்பு ஒரு விஷயமில்லை. இஸ்லாமிய மக்களுக்கு அப்படியில்லை. அது பட்ட கையோடு அவர்கள் தொழ மாட்டார்கள். சங்கிலி கழன்றால் கையால் பிடித்துப் போடுகிறோம். சில்லு சேறானால் துடைக்கிறோம். மோதினார் ஒரு நாளில் ஐந்து தரம் பள்ளிவாசலுக்கு அந்தச் சைக்கிளில் போய் வருகிறவர். அண்ணன் இதை நினைத்து நினைத்துச் சோறு தின்னாமல் இருந்தார்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கடினமானது. அண்ணன் போய் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் காக்காவின் முகத்தில் இனி விழிக்க முடியாது, தாழ்வாரமும் போய்விடும், இரண்டு தெருவுக்கும் இடையில் சண்டை வந்தாலும் வரும் என்று பயந்தார். ஒருவருக்கும் தெரியாமல் எல்லாச் சில்லையும் கழுவிவிட்டால் போதும் என்று முடிவு செய்தார். அடுத்த நாளிலிருந்து, "சோளகம் வரப்போகுது, சைக்கிளைக் கொண்டுவாங்கோ, சும்மா கழுவிப் பூட்டித் தாறன்" என்று கடைத் தெருவில் போவோர் வருவோரைக் கூப்பிடத் தொடங்கினார். வந்த சைக்கிள்களின் கொழுப்பை வழித்தெறிந்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டினார். ஆட்கள் அவரை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு அவர் தலையைக் குனிந்தபடி வேலை செய்ததை நானே கண்டேன். களைப்பு என்று நினைத்தேன்.

நான் காக்காவின் கடைக்குக் கருவாடு கொண்டுபோன ஒரு காலையில் அது வெளிவந்தது. காக்கா கடைக்குள்ளிருந்து தாழ்வாரத்துக்கு வந்தார். அண்ணன் யாரோ ஒருவரின் முன்சில்லை மடியில் வைத்திருந்தார்.

"என்னடா, ஊருக்கெல்லாம் சும்மா சில்லுக் கழுவுறாயாம்? அந்தோனியாருக்கு நேத்திக்கடனோ?"

"இல்லைக் காக்கா. சோளகத்துக்கு முதல் கழுவினால் நல்லம்."

"நல்லம்தான். உன்ர ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை. எங்கட ஆக்களின்ர சைக்கிளாத்தான் நிக்குது. ஏன், உங்கட ஹப்புக்குள்ள மணல் போகாதோ? அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. சில்லைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். கை முழுவதும் எண்ணெய். துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

"காக்கா, நான் உங்கட சில்லுகளுக்கு வைச்சது கிறீஸ் இல்லை. பண்டிக் கொழுப்பு. எனக்குத் தெரியாது. முகாமில இருந்து வந்தது. தெரிஞ்ச உடன..."

காக்கா குனிந்து அந்தச் சில்லைப் பார்த்தார்.

"எப்ப தெரிஞ்சது?"

"போன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்."

"அதுக்குப் பிறகு என்ர வீட்டுத் தேத்தண்ணி குடிச்சனியோ?"

"ஓம் காக்கா."

"கொழுப்பை நீ தெரியாமல் வைச்சாய். இந்தச் சும்மா கழுவுறது தெரிஞ்சு செய்தது." காக்கா குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு உன்ர சாமானை எடுத்துக்கொண்டு போ."

அன்று நான் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. மறுநாள் என் அண்ணன் சாமான்களை ஒரு சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடைத் தெருவால் நடந்து வந்ததை எங்கள் ஆட்கள் எல்லாரும் கண்டார்கள். அந்த உறவினர் பந்தியில் சொன்னது சரி. கேட்டபடியால்தான் சொன்னார். ஆனால் காக்கா கேட்டது பாதிதான். மணலோ, நேர்த்தியோ என்று வேறு ஒரு பதிலைச் சொல்லித் தப்பியிருக்க அவருக்கு வழி இருந்தது. அவர் தப்பவில்லை. அந்த மற்றப் பாதியை உறவினர் சொல்லவில்லை.

சாமானை வீட்டில் இறக்கிவைத்த கையோடு அண்ணன் தாமாகவே மோதினாரிடம் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மோதினார் கேட்டு முடியும்வரை தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியாமல் நடந்ததுக்கு அல்லாஹ் எங்களைப் பிடிக்க மாட்டான். கழுவினால் சரி. ஆனால் நீ கழுவின மாதிரி இல்லை. ஏழு தரம் கழுவவேணும். அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "மண்ணோ? ஹப்புக்குள்ளயோ?"

"ஓம்."

"மோதினார், மண் போனால் சில்லு போச்சு. நான் இவ்வளவு காலமும்..."

"தெரியும். மண்ணை வெளியால வைக்கத்தான் உன்னட்ட வாறம். இப்ப நீயே உன்ர கையால உள்ளுக்கு விடு." பிறகு அவர் சிரித்தார். "உங்கட கோயிலில பிள்ளைக்கு ஆயுசுக்கு ஒரு தரம்தான் தண்ணி. எங்கட சில்லுக்கு ஏழு தரம். என்ன செய்யிறது, உன்ர வேலை அப்பிடி."

அந்தக் கிழமை முழுவதும் அண்ணன் வீட்டு வேலிக்கரையில் பூவரச மரத்தின் கீழ் அந்த வேலை நடந்தது. அண்ணி தம் பழைய சேலைத் துண்டில் மண்ணை அரித்து மாப்போல ஆக்கிக் கொடுத்தார். கிணற்றிலிருந்து நான் தண்ணீர் அள்ளினேன். அண்ணன் ஒவ்வொரு ஹப்பையும், குண்டையும், அச்சையும், நட்டுக் கழற்றும் தம் சாவிகளையும் சிரட்டைகளையும்கூடக் கழுவினார். அந்த ஒரு தரம் வரும்போது, கலங்கிய தண்ணீரைக் கிண்ணத்துக்குள் விட்டு விரலால் சுற்றுவார். அப்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பிறகு மண்ணெண்ணெயால் அலசி, காயவைத்து, தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டினார். மோதினார் மரத்தடியில் இருந்து எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டார். தெருவால் போன எங்கள் ஆட்கள் சிலர் சொன்ன பேச்சுகளை நான் இங்கே எழுதவில்லை.

பெரும்பாலானோர் வந்தார்கள். காக்கா வரவில்லை. தம் சைக்கிளைத் தாமே கழற்றி, தம் வீட்டுக் கிணற்றடியில் ஏழு தரம் கழுவிப் பூட்டினாராம். மண் கரைத்த தண்ணீரையும் விட்டிருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு மண்ணெண்ணெயால் அலச வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அண்ணனிடம் கேட்கவும் அவர் ஆள் அனுப்பவில்லை. மண் உள்ளே தங்கிவிட்டது. அதன்பின் காக்கா அண்ணன் வீட்டுத் தெருவால் போகும்போதெல்லாம் அந்தச் சில்லு கத்திக்கொண்டு போகும். அண்ணன் கை வேலையை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் சந்தி திரும்பும்வரை தலையைக் குனிந்திருப்பார். ஒருமுறை அண்ணி, "நீங்கள் போய்க் கேட்டால் என்ன?" என்றார். "என்னத்தைக் கேக்கிறது? அந்த மண் அவருக்கு என்னிலும் பார்க்கத் துப்புரவு" என்றார் அண்ணன்.

யுத்தம் முடிந்து நல்ல கிறீஸ் வந்த பிறகும் அண்ணன் வேலிக்கரையைவிட்டுப் போகவில்லை. சைக்கிள் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் பேணியைத் திறந்து, "மணந்து பாருங்கோ, பார்த்திட்டு உங்கட கையால வையுங்கோ" என்று நீட்டுவார். "நான் என்ன பூனையோ மணந்து பார்க்க?" என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். அவர் கேலியையும் கேட்டுக்கொண்டு பேணியை நீட்டியபடியே இருப்பார். நம்மவருக்கும் அப்படித்தான். உயிலங்குளத்திலிருந்து நெல் மூட்டையோடு வருகிறவருக்கும் அப்படித்தான். வேறு நல்ல குணங்கள் அண்ணனிடம் நிறைய இருந்தன. தங்கைகள் இருவரைக் கரைசேர்த்தார். எங்கள் தாயாரைக் கடைசிவரை தம்முடன் வைத்திருந்தார். ஒருவரையும் கடிந்து பேசமாட்டார். அவற்றை மகன் இந்த மலரில் வேறிடத்தில் எழுதியிருக்கிறார்.

கடைசி மாதங்களில் மூச்சு இழுப்பு அவரைப் படுக்கையில் போட்டுவிட்டது. கோயில் சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் காலையில் வேலிக்கரையில் அந்தச் சில்லுச் சத்தம் கேட்டது. வழக்கம்போல் சந்திவரை போகவில்லை. வேலிப் படலை வாசலில் நின்றது. காக்கா சைக்கிளைச் சாய்த்து வைத்து, முன்சில்லைத் தாமே கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அண்ணன் எழும்ப முயன்றார்.

"கிட. எழும்பாதை. இது ஓடமாட்டன் எண்டுது. பாரு."

அண்ணியும் நானும் அண்ணனைத் தலையணையில் சாய்த்து இருத்தினோம். அவர் சொல்லச் சொல்ல நான் அச்சைக் கழற்றினேன். உள்ளே குண்டுகள் சொரசொரத்துப் போயிருந்தன. கிண்ணத்தில் தடம் விழுந்திருந்தது. அண்ணன் விரலை விட்டுத் தடவினார். விரல் நுனியில் மண் வந்தது. அவர் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கழுவி, புதுக் குண்டுகளை எடுத்து வைத்தேன். அண்ணன் கிறீஸ் பேணியைக் காக்காவிடம் நீட்டினார்.

"மணந்து பாருங்கோ காக்கா. உங்கட கையால வையுங்கோ."

காக்கா பேணியை வாங்கவில்லை.

"நீயே வையடா" என்றார்.

அண்ணன் வைத்தார். நெடுநேரம் பிடித்தது. குண்டுகளை ஒவ்வொன்றாக அவரே பதித்தார். நான் இறுக்கியதை ஒருமுறை தளர்த்தி, மறுபடி அவரே சரி செய்தார். அதுதான் அவர் கடைசியாகப் பூட்டிய சில்லு. அதன்பின் சில நாட்களில் அண்ணன் காலமானார். அடக்கத்துக்குக் காக்கா கடையை மூடிவிட்டு வந்தார். பூசை முடியும்வரை கோயில் வளவுக்கு வெளியே மோதினாரோடு வெயிலில் நின்றார். பிரேதம் வெளியே வந்ததும் சேமக்காலைவரை எங்களோடு நடந்தார்.

அண்ணனின் நோயிலும் சாவிலும் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் இக்குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். ஆன்ம ஆறுதல் தந்த சுவாமியாருக்கும், மருந்து தந்த வைத்தியருக்கும், பந்தல் போட்டுத் தந்த கீரி இளைஞர்களுக்கும், இரவும் பகலும் அண்ணியோடு இருந்த பெண்களுக்கும், ஏழு தரமும் கூட இருந்து எண்ணித் தந்த மோதினாருக்கும் எங்கள் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் காக்காவின் கடைக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவரைப்பற்றி எழுதியிருப்பதால் கேட்காமல் போட எனக்கு மனமில்லை. அவர் அரிசி அளந்துகொண்டே கேட்டார். ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. முடிவில் நான் தயங்கித் தயங்கி, "காக்கா அண்ணனை மன்னிச்சிட்டார் எண்டு ஒரு வரி போடட்டோ?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவனுக்கும் இடையில கிடக்கட்டும். நீ நன்றி எண்டு மட்டும் போடு."

காக்கா, உங்களுக்கு எங்கள் நன்றி.